மணலில் வரைந்த கணக்கு

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குச் செல்லும் காலைப் பேருந்தில் ஏறுவோர் ஒரு காட்சியை நாள்தோறும் காணலாம். ஒரு மாணவனின் கணக்கு நோட்டு மடிமேல் விரிந்திருக்கும். அதைச் சுற்றி மூன்று நான்கு தலைகள் கவிந்திருக்கும். பேருந்து குலுங்கும்போது எழுத்தும் குலுங்கும். திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் படுமுன் பாதிக் கணக்குகள், செங்கற்பட்டில் இறங்குமுன் மீதிக் கணக்குகள் என வீட்டுப்பாடம் நிறைவு பெற்றுவிடும். நோட்டுக் கிடைக்காதவர் முந்திய இரவே கைப்பேசியில் படம் வரவழைத்து எழுதியிருப்பர். இதற்கு மாணவர் இட்டுள்ள பெயர் உதவி என்பதாம்.

இவர்களைக் கடிந்துகொள்ளுமுன் இவர்களுடைய இல்லங்களைச் சற்று நோக்குதல் நன்று. கோவளம் தொட்டுச் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரைக் குப்பங்களில் தந்தை விடியுமுன் கடலுக்குச் செல்கின்றார்; தாய் மீன் கூடையோடு சந்தைக்குச் செல்கின்றார். ஐந்தாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் படிப்பை நிறுத்திய பெற்றோர் பலர். பதினோராம் வகுப்பு இயற்பியலில் விசையும் முடுக்கமும் வரும்போது, பிள்ளை யாரிடம் கேட்பது? டியூஷனுக்குப் பணம் வேண்டும். ஆக, மாலை ஆறு மணிக்குப் பின் அப்பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஆசிரியர், ஓராண்டு மூத்த அடுத்த வீட்டுப் பிள்ளைதான்.

நமது பங்கில் மன்றத்துத் திண்ணையின் குழல்விளக்கு இரவு ஒன்பது மணி வரை எரிகின்றது. அங்கே பத்துப் பதினைந்து மாணவர் கூடுகின்றனர். ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கம் காணவேண்டிய இடத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி எழுதியிருந்தான். வாய்பாட்டைக் கேட்டால் தவறின்றிச் சொல்வான், எழுதும்போது நழுவவிடுவான். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அவனை வாசலுக்கு அழைத்துச் சென்று, மணலில் குச்சியால் ஏழடிச் சதுரம் ஒன்றை வரைந்தாள். பக்கத்தை மூன்றடி, நான்கடி எனப் பிரித்துக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் இழுத்தாள். ஒரு மூலையில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது. எதிர் மூலையில் நான்குக்கு நான்கு, பதினாறு. கூட்டினால் 25. ஆனால் முழுச் சதுரமோ 49. எஞ்சிய 24 எங்கே என்று வினவினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கிடந்த இரண்டு நீள்சதுரங்களின் மேல் கால் வைத்தான். அதன்பின் அந்தத் தவறு அவன் நோட்டில் நம் கண்ணில் பட்டதில்லை.

மணல் என்றதும் இக்கரையின் பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் ஏற்றார். (ஆங்கிலிக்கன் சபைக் குரு, நம்மவர் அல்லர். ஆயினும் நல்லதை எவரிடமிருந்தும் கற்கலாம்.) ஒருநாள் குதிரையில் செல்கையில், 'மலபார் பள்ளி' ஒன்றில் சிறுவர் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே வழங்கினர். அவர் கண்டது தமிழ்ப் பள்ளியே. தம் இல்லத்திலும் அவ்வாறே செய்யுமாறு அவர் கூற, துணையாசிரியர்கள் உடன்படவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். பின்னர் ஒவ்வொரு வகுப்பிலும் தேர்ந்தவனையும் தேறாதவனையும் இணை இணையாக அமர்த்தி, ஒருவன் மற்றவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1797-இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு அது பல நாடுகளுக்குப் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் 1833-இல் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகின்றது.

மணல் எழுத்தைத் தமிழ்ப் பள்ளியில் கண்டதாக பெல் ஒப்புக்கொள்கின்றார். பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பித்தல் தம் கண்டுபிடிப்பு என்கின்றார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை எண்சுவடியை முறைவைத்துச் சொல்ல, இளையோர் பின்தொடர்ந்த வழக்கத்தை அறிந்தவர்க்கு இக்கூற்றை அப்படியே ஏற்க மனம் வராது. அது நிற்க. இம்முறைக்குப் பின்னாளில் நேர்ந்த கதியையும் சொல்லவேண்டும். ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம், செலவு குறையும் என்று இங்கிலாந்தில் இதனைப் பற்றிக்கொண்டனர். சட்டாம்பிள்ளைகள் தாம் மனப்பாடம் செய்ததையே பிறருக்கும் மனப்பாடம் செய்வித்தனர். பொருள் விளங்கிற்றா என்று பார்க்க ஆளில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்முறை கைவிடப்பட்டது. ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக விட்டுவிட்டு, 'பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்' என்று எவரேனும் கூறினால், பெற்றோர் அதற்கு இணங்கலாகாது.

நமது திண்ணைக்கும் ஓர் எதிர்ப்பு வந்தது. மணலில் சதுரம் வரைந்த மாணவியின் தாய் நம்மிடம் வந்தார். "சாமி, என் மகள் தான் படிக்கவேண்டிய நேரத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குச் செலவழிக்கிறாள். நாளைக்கு மார்க்குக் குறைந்தால் அந்தப் பிள்ளைகளா வந்து சீட்டு வாங்கித் தரும்?" என்றார். நியாயமான கேள்வி. இக்கரையில் ஒரு பெண் கல்லூரி வரை செல்வதற்கு அவள் வீட்டார் கொடுக்கும் விலையை நாம் அறிவோம். பிறர்க்கு உதவுதல் புண்ணியம் என்று கூறி அந்தத் தாயை அனுப்பிவிட நமக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு செய்தியைக் கூறினோம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மேசூர் என்னும் இயற்பியல் பேராசிரியர் இருக்கின்றார். கடினமான கணக்குகளையெல்லாம் அவருடைய மாணவர் போட்டுவிடுவர். 1990-ஆம் ஆண்டுவாக்கில் அவர்களுக்கு மிக எளிய வினாக்களைக் கொடுத்துப் பார்த்தார். பெரிய லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகின்றது என்பது போன்றவை அவை. இரண்டும் சமம் என்பதே விடை. கார் நொறுங்குவது அதன் நிறை குறைவு என்பதால். நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே லாரி என்று எழுதினர். ஒரு வினாவை அவர் பலவாறு விளக்கியும் வகுப்பு விழித்தது. 'பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள்' என்றார். சில நிமிடங்களில் தெளிவு பிறந்தது. அண்மையில் புரிந்துகொண்டவருக்குத் தாம் தடுக்கி விழுந்த இடம் நினைவிருக்கின்றது. பல்லாண்டு கற்பித்தவருக்கு அது மறந்துவிடுகின்றது என்பது அவர் கண்ட காரணம். முதலில் தனியாகச் சிந்தித்து விடை குறித்தல், பின் அடுத்தவரோடு வாதித்தல், மீண்டும் விடை குறித்தல் என்று அதனை ஒரு முறையாக்கி 1997-இல் நூலாக வெளியிட்டார்.

"கேட்கிற பிள்ளைக்கு நல்லதுதான் சாமி, சொல்கிற பிள்ளைக்கு?" என்று தாய் விடவில்லை. அதற்கு மகளே விடை கூறினாள். சமனின்மையைக் குறை எண்ணால் பெருக்கும்போது குறி திரும்பும் என்பதை அவள் நெடுநாளாக எழுதி வந்தவள். ஏன் திரும்ப வேண்டும் என்று ஒரு சிறுவன் கேட்டபோது, தனக்கும் தெரியவில்லை என்பதை அன்றுதான் அறிந்தாளாம். இரவெல்லாம் எண்ணிப் பார்த்துக் கடனைக்கொண்டு விளங்கிக்கொண்டாள். கையில் இரண்டு ரூபாய் உள்ளவனைவிட ஐந்து ரூபாய் உள்ளவன் மேல். இரண்டு ரூபாய் கடன்காரனோ ஐந்து ரூபாய் கடன்காரனைவிட மேல். தாய் வட்டிக் கணக்கு நன்கறிந்தவர், சிரித்துவிட்டார். ஆயினும், தேர்வுக்கு முந்திய மாதம் மகள் திண்ணைக்கு வரமாட்டாள் என்று கறாராகச் சொல்லிவிட்டே சென்றார். அதுவும் முறைதான்.

திண்ணையில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. சொல்லிக்கொடுப்பவர் தம் நோட்டை மூடிவைக்கவேண்டும். அவருடைய பேனா அடுத்தவர் நோட்டைத் தொடலாகாது. எதுவரை வந்தாய், எங்கே நின்றாய் என்றே முதலில் கேட்கவேண்டும். கைப்பேசிகள் மேசை இழுப்பறைக்குள் சென்றுவிடும். இவ்விதிகளை வகுத்தவர் மாணவரே. பேருந்தில் நோட்டு விரிவது அடியோடு நின்றுவிட்டதாக நாம் கூறவில்லை. அங்கே நமது அதிகாரம் செல்லுபடியாகாது.

எவருக்கும் வராத கணக்குக்கு நோட்டின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி இடுகின்றனர். அது பள்ளி ஆசிரியரிடம் செல்லும். சென்ற வாரம் கப்பிக் கணக்கு ஒன்று அவ்வாறு குறியிடப்பட்டது. கயிற்றின் இழுவிசை இரு பக்கமும் ஒன்றே என்று ஒரு சாராரும், பளு மிகுந்த பக்கத்தில் கூடுதல் என்று மற்றொரு சாராரும் ஒன்பது மணி கடந்தும் வாதிட்டனர். விளக்கை அணைக்க நாம் எழுந்தோம். இருவர் மட்டும், கரையில் கிடந்த படகுக் கயிற்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சென்றுவிட்டனர்.