இரு தவணைகள்

யான் இக்கல்லூரியிற் பயின்ற நாளில் “தவணை” என்னுஞ் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரு பொருளிருந்தன. கல்லூரித் தவணை ஆண்டுக்கு மூன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் விடுமுறையுண்டு. ஐயாவின் வழக்குத் தவணைக்கோ எண்ணுமில்லை, முடிவுமில்லை.

வழக்குப் பெரிதன்று. பாட்டனார் வழிவந்த நான்கு பரப்புக் காணியைப் பிரித்தற்கான பிரிவினை வழக்கு. 1989இல், யான் நாலாம் வகுப்பிலிருந்தபோது தொடங்கிற்று. இத்தகைய வழக்கிற் பங்குடையார் அனைவருங் கட்சிக்காரராதல் வேண்டும். ஒருவர் இறப்பின், அவர்தம் உரித்தாளரைச் சேர்க்கும்வரை வழக்கு நகராது. எங்கள் குடும்பத்திலோ முதியோர் பலர். நில அளவையாளர் வராத தவணை, நீதிபதி மாற்றலாகிய தவணை, இடையில் 1995 இடப்பெயர்வு எனக் காலங் கழிந்தது. ஒவ்வொரு தவணைக்கும் ஐயா வெள்ளை வேட்டியுடுத்து, உறுதிகளைத் துணிப்பையிலிட்டுச் சைக்கிளிற் புறப்படுவார். மாலையில் அம்மா “என்னவாம்?” என்பார். “தவணை” என்பதே விடை. 2011இல் ஐயா காலமானார். 2014இல் தீர்ப்பு வந்தது. எமது உறுதி செல்லாதென்று முடிந்தது.

தோற்றவர்க்கு முறைப்பாடு ஏது என்றே யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். என்னிடந் தமிழ் கற்றுச் சட்டத்தரணியான ஒருவர் அண்மையில் அவ்வெண்ணத்தைக் கலைத்தார். 1950ஆம் ஆண்டின் ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயம், நியாயமான காலத்துள் விசாரிக்கப்படுதலைத் தன் 6ஆம் உறுப்புரையில் ஓர் உரிமையாகவே வைத்திருக்கின்றது. வழக்கிற் தோற்றவருந் தாமதத்திற்காக முறையிட்டு இழப்பீடு பெறலாமாம். ஸ்திராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றில் இத்தாலியர் முறைப்பாடுகள் குவியவே, அந்நாடு 2001இற் “பின்றோ சட்டம்” இயற்றி, தாமதத்திற்கு உள்நாட்டிலேயே இழப்பீடு வழங்க முன்வந்தது. அவ்விழப்பீட்டைக் கொடுப்பதிலுந் தாமதித்து மீண்டுங் குற்றங்காணப்பட்டமை வேறு கதை. அதைக் கேட்டு இருவருஞ் சிரித்துவிட்டோம்.

எமது நாட்டில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மனுவை இரு மாதத்துள் தீர்க்கவேண்டுமென்கின்றது. ஆயினும் அம்மனு நிர்வாகத்தின் செயலுக்கெதிரானது. நீதிமன்றத்தின் தாமதம் அதனுள் அடங்காதென்றார். “அப்படியாயின் ஐயா எங்கே முறையிட்டிருக்கலாம்?” என்று வினவினேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, “இடமில்லை, சேர்” என்றார்.

அன்றிரவு ஐயாவின் துணிப்பையை அவிழ்த்தேன். உறுதிகளோடு என் நாலாம் வகுப்பு அப்பியாசப் புத்தகமொன்றும் இருந்தது. முன்பக்கத்தில் என் தவணைப் பரீட்சைப் புள்ளிகள். பின்பக்கந்தொட்டு ஐயாவின் கையெழுத்தில் வழக்குத் திகதிகள், 118. சென்று வந்த ஒவ்வொன்றையும் பென்சிலாற் கோடிட்டிருந்தார். கடைசித் திகதிக்கு மட்டுங் கோடில்லை.