அடிக்கு நான்கு மில்லிமீட்டர்

இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கு அருகே லாங் விட்டன்ஹாம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள பென்டன் அருங்காட்சியகத்தில் ஓடும் புகைவண்டிகள் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்கிலாண்ட் என்னும் இளைஞர் ரயில் பிரியர். ஆயினும் அவர் உள்ளத்தை உறுத்தியது வேறொன்று. ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரை வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாய் அழிந்துகொண்டிருந்தன. தடுக்க வழியில்லை, ஆகவே அவற்றை அளந்து, சிற்றுருவிலேனும் காக்கத் துணிந்தார். 1954-இல் அருங்காட்சியகம் தோன்றிற்று.

ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்பது கணக்கு. சுவர்கள் அட்டை, செங்கல் ஒவ்வொன்றும் கீறி, நீர்வண்ணம் தீட்டப்பட்டது. கூரைக்குக் குழாய்ப் பணியாளரின் சணல் நார். ஒரு குடிலுக்கே பல நூறு மணி நேரம் செல்லும்! கடைகளில் விற்கும் சிறு தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி 18.83 வேண்டுமே என்று பொழுதுபோக்காளர் இன்றும் வாதிடுவர். வேடிக்கையான வாதமன்று, வண்டி மெலிந்து தோன்றுவதைக் கண்ணால் கண்டோர் அறிவர்.

டார்ட்மூர் பகுதியில் புருனெல் எழுப்பிய மரப்பாலங்கள் மறைந்துவிட்டன. இங்கே அத்தகைய பாலமொன்றை வண்டிகள் இன்னும் கடக்கின்றன. ராய் 1995-இல் காலமானார். பள்ளத்தாக்கு இன்னும் முடியவில்லை. தன்னார்வத் தொண்டர்கள் அட்டையைக் கீறிக்கொண்டிருக்கின்றனர்.