மலையடிவாரத்தில் ஒரு டயர் விசாரணை

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் சாலையில் புறப்பட்டால், நகரத்து இரைச்சல் அடங்கும் முன்னரே கல்வராயன் மலைத்தொடர் எதிரே எழுந்து நிற்பதைக் காணலாம். காலையில் நீலம், உச்சிப் பொழுதில் சாம்பல். மழைக்கால மாலைகளிலோ மலை இருந்த இடமே தெரியாது. அம்மலையின் காலடியில் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் சூழ அமைந்துள்ள ஊர் வடக்கனந்தல். அருகே கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. ஆலை ஓடும் மாதங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும். உதிர்ந்த சோகை ஈரத்தில் ஊறிச் சக்கரங்களுக்கு வழுக்குப் பாய் விரித்திருக்கும். ஊரையொட்டிக் கோமுகி அணை. நாற்பத்தாறு அடி உயரம் நீர் தேங்கும் அவ்வணை, மலையில் பிறந்து வெள்ளாற்றை நாடிச் செல்லும் கோமுகி ஆற்றைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. அணையைத் தாண்டினால் பரிகம்; பின்பு மலைச்சாலை; அதற்கும் மேலே கரியாலூர், வெள்ளிமலை.

2025-ஆம் ஆண்டு அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில், நாம் அங்கே சென்றிருந்தோம். முன்பு நம்மிடம் மறைக்கல்வி பயின்ற பிள்ளை ஒருவர் இப்போது அவ்வூரில் ஆசிரியர். மனைவி, இரு குழந்தைகள், மனைவியின் தந்தை ஆகியோருடன் வாழ்கிறார். மாமனாருக்குச் சர்க்கரை நோய். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவென்று பழைய ஆல்ட்டோ 800 ஒன்றை வாங்கியிருந்தார். குடும்பத்தின் முதல் கார். "சாமி, உங்களை இதிலேயே வெள்ளிமலைக்கு அழைத்துப் போகிறேன்" என்று எழுதியிருந்தார். நாமும் ஆவலோடு போய்ச் சேர்ந்தோம்.

வண்டி வெள்ளை நிறம். புதுச்சேரியில் ஒரு முதியவர் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டிய வண்டியாம். பத்து ஆண்டுகளில் இருபத்தாறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. டயர்களில் பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. கருஞ்சாயம் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஆசிரியர் அதைப் பெருமையோடு காட்டியபோது நாமும் தலையசைத்தோம். நமக்கு என்ன தெரியும்?

திண்ணையில் அமர்ந்திருந்த மாமனார் மெல்ல எழுந்து வந்தார். முப்பது ஆண்டுகள் சேலத்துக்கும் சென்னைக்கும் லாரி ஓட்டியவர். குந்தி அமர்ந்து, முன் சக்கரத்தின் பக்கச் சுவரை விரலால் தடவினார்.

"மாப்பிள்ளை, இந்த டயருக்கு என்ன வயசு?"

"வண்டிக்குப் பத்து வயசு, மாமா."

"வண்டியைக் கேக்கல. டயரைக் கேட்டேன்."

ஆசிரியர் விழித்தார். பெரியவர் ஒரு துணியை ஈரமாக்கி வரச்சொல்லி, கருஞ்சாயத்தைத் துடைத்தார். அதன் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வட்டமாக ஓடின. பின்பு, ரிம்முக்குச் சற்று மேலே நீள்வட்டத்துக்குள் பதிந்திருந்த நான்கு எண்களை நம்மைப் படிக்கச் சொன்னார்: 3115. முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. அதாவது 2015-ஆம் ஆண்டின் முப்பத்தொன்றாம் வாரத்தில் பிறந்த டயர். இரண்டாயிரமாம் ஆண்டு முதல் டயர்களில் பிறந்த தேதி இவ்விதமே பதிக்கப்படுகிறது. கார் வைத்திருக்கும் வாசக அன்பர்கள் இவ்விதழை மூடிவைத்ததும் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்க்கலாம். வெளிப்பக்கத்தில் காணாவிடில் உட்பக்கச் சுவரில் இருக்கும். சற்றே குனிய வேண்டும்.

ஓடாத டயர் தேயாது என்பது மெய். ஆனால் ஓடாத டயருக்கும் மூப்பு உண்டு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பக்குவப்படுத்தி டயர் செய்கிறார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை ஓயாமல் அரிக்கின்றன. நம் நாட்டு வெயில் அந்த அரிப்பை விரைவுபடுத்துகிறது. அதைத் தடுக்கவென்று ரப்பரில் மெழுகு போன்ற காப்புப் பொருள்களைக் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காக்கும். கொட்டகையில் நின்றே காலம் கழித்த வண்டிக்கு அந்தக் காப்பும் குறைவு. ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்றும், பத்தாண்டு ஆனதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்றும் டயர் செய்யும் பெரிய நிறுவனங்கள் பலவும் அறிவுறுத்துகின்றன. ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு. (ஸ்டெப்னி என்னும் சொல் வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர். 1904-இல் அத்தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் கடல் கடந்து வந்து நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் நிலைத்துவிட்டது.)

ஆசிரியரின் முகம் வாடியது. அத்தனை நாள் கனவு. "மெதுவாக ஓட்டினால் போதாதா, மாமா?" என்றார். பெரியவர் மலையைக் கையால் சுட்டினார்: "ஏறும்போது மெதுவாப் போகலாம் மாப்பிள்ளை. இறங்கும்போது பாரமெல்லாம் முன்னால வந்து விழும். அஞ்சு பேரு, மழை வேற." அதன்பின் அவர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் நாமும் ஆசிரியரும் அரசுப் பேருந்தில் மலையேறினோம். குழந்தைகளுக்குத்தான் ஏமாற்றம், பேருந்தின் முன்னிருக்கை கிடைத்ததும் அதை மறந்தார்கள். இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரமே உள்ள மலைதான் எனினும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவொன்றில் கீழே பார்த்தபோது, நேற்றைய நான்கு எண்கள் நம் நினைவுக்கு வந்தன, வெளியே சொல்லவில்லை. மேலே சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் கொல்லைகள், கடுக்காய் மரங்கள், மலையாளி என வழங்கப்படும் பழங்குடி மக்களின் குடியிருப்புகள். இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1976-இல்தான் அரசின் நேர் ஆளுகைக்குள் வந்தது. அதுவரை கூலியின்றி உழைத்த தம் பாட்டன்மாரைப் பற்றிப் பேருந்தில் உடன்வந்த ஒருவர் பேசிக்கொண்டே வந்தார். அது தனியே எழுதத் தக்கது. வெள்ளிமலையில் தேநீர் அருந்தித் திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் கீழ்க் கியரிலேயே, பிரேக்கை ஒற்றி ஒற்றி எடுத்து இறக்கினார். ஆசிரியர் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கள்ளக்குறிச்சி டயர் கடை. ஆசிரியர், அவர் மனைவி, பெரியவர் ஆகிய மூவருடன் நாமும் போனோம். பெரியவர் சொற்படி கார் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை.

கடைக்காரர் நல்லவர்தான், ஆயினும் விற்பவர். "சற்று அகலமான டயராகப் போடுங்கள், பிடிமானம் நன்றாக இருக்கும்" என்றார். நாம் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டோம், குருமடத்துப் பழக்கம். அந்த வண்டிக்குரிய அளவு 145/80 ஆர் 12. அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு எண்பது, அதாவது 116. ரிம் 12 அங்குலம். 'ஆர்' என்பது ரேடியல். உள்நூல்கள் சக்கரத்தின் குறுக்கே ஓடும் அமைப்பு. மிஷலின் நிறுவனம் 1946-இல் உரிமம் பெற்ற வகை. கடைக்காரர் காட்டிய 155/80 டயரோ விட்டத்தில் 16 மில்லிமீட்டர் பெரியது. நூற்றுக்கு மூன்று வீதம். வேகமானி அறுபது காட்டும்போது வண்டி ஏறக்குறைய அறுபத்திரண்டில் ஓடும். ஸ்டீயரிங் கனக்கும், முழுதும் திருப்பும்போது உள்ளே உரசவும் கூடும். கதவோரத் தகட்டில் அச்சிட்ட அளவே போதும் என்று முடிவாயிற்று. அளவையடுத்து 74 என்றோர் எண் உண்டு: ஒரு டயர் 375 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். நான்குக்கு 1500 கிலோ. வண்டியும் ஐவரும் மூட்டைகளும் அதற்குள் அடங்கும். அவ்வெண் குறைந்த டயரை மட்டும் எக்காரணத்தாலும் ஏற்கலாகாது.

எந்த நிறுவனத்து டயர் என்பதில் பெரியவர் அதிகம் மெனக்கெடவில்லை. நம் மாநிலத்திலேயே அரக்கோணம், ஒரகடம், திருப்பெரும்புதூர் என்று ஆலைகள் பல. திருவொற்றியூரில் 1946-இல் பிள்ளைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆகியது. பெயர் பெற்ற எதுவாயினும் சரி. பிறந்த வாரம் என்ன என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் முதலில் எடுத்துவந்தது ஏறத்தாழ மூன்றாண்டுப் பழையது. பெரியவர் எண்ணைத் தொட்டுக் காட்டியதும் உள்ளே போய் வேறு கொண்டுவந்தார். அந்த ஆண்டின் கோடையில் செய்தது. நிழலில் வைத்த டயர் ஓராண்டு தள்ளியிருந்தால் குற்றமில்லை. ஆனால் மூன்றாண்டுப் பழையதைப் புது விலைக்கு ஏன் வாங்க வேண்டும்?

அடுத்து எத்தனை டயர் என்பது. ஆசிரியரிடம் இரண்டுக்கே பணம் இருந்தது. செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தும் நான்குக்கு எட்டவில்லை. "இரண்டையும் முன்னால் போடுங்கள், இன்ஜின் இழுப்பது முன் சக்கரத்தைத்தானே" என்றார் கடைக்காரர். பெரியவர் மறுத்தார். நமக்கும் கடைக்காரர் சொல்வதே சரியெனப் பட்டது. வீடு திரும்பிய பின் விசாரித்ததில் பெரியவர் பக்கமே நியாயம் என்று தெரிந்தது. ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும். காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிமானம் திரும்பும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுழலும். பழக்கமில்லாதவர் திருத்த இயலாது. எனவே இரண்டு மட்டும் மாற்றுவோர் புதியவற்றைப் பின்னுக்கே போட வேண்டும். ஆனால் முன்னே எஞ்சும் இரண்டும் உறுதியாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு. சட்டம் கேட்கும் பட்டன் ஆழமான 1.6 மில்லிமீட்டர் இருப்பது மட்டும் போதாது. வெடிப்பும் இருக்கக் கூடாது.

அதுவரை பேசாதிருந்த ஆசிரியரின் மனைவி அப்போது கேட்டார்: "பின்னால ரெண்டு புதுசு, முன்னால ரெண்டு வெடிச்சது. அப்பாவை முன்னால உட்கார வைக்கவா, பின்னால உட்கார வைக்கவா?"

யாரும் பதில் சொல்லவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாத் துணிக்கென்று சேர்த்துவைத்த பணத்தை அவர் கைப்பையிலிருந்து எடுத்து எண்ணினார். நான்கு டயர்களும் மாட்டப்பட்டன. வால்வுகளும் புதியவை, சக்கரங்களைச் சமன்செய்து நேர்செய்தாயிற்று. காற்று, வண்டி ஆறிய பின் தகட்டில் கண்ட அளவுக்கு. ஸ்டெப்னிக்குப் பணம் இல்லை. பஞ்சரானால் அடுத்த கடை வரை ஊர்ந்துபோக மட்டும் பழையது இருக்கட்டும், பொங்கலுக்குள் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

புறப்படும் நேரத்தில் கடைக்காரர், பழைய நான்கையும் விட்டுவிட்டால் ஒவ்வொன்றுக்கும் சில நூறு ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று அந்தப் பணம் பெரிது. ஆசிரியர் தயங்கி நின்றார். "இதை என்ன பண்ணுவீங்க?" என்று பெரியவர் கேட்டார். பட்டன் இருக்கிறதே, யாராவது கேட்டு வருவார்கள் என்றார் கடைக்காரர். பெரியவர் நான்கையும் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

வடக்கனந்தல் வந்ததும் கொட்டகையில் வெட்டுக்கத்தி தேடினார். சர்க்கரை நோய்க்காரர், கை நடுங்கியது, ஆசிரியர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரும் நீளவாக்கில் கிழிக்கப்பட்டது. மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு பெருகும் என்பதால் அன்று மாலையே நான்கிலும் மண் நிரப்பினார்கள். குழந்தைகள் வெண்டை விதையும் கொத்தவரை விதையும் ஊன்றிக்கொண்டிருக்கையில் நாம் கள்ளக்குறிச்சிப் பேருந்துக்குப் புறப்பட்டோம்.