லைன்மேன்கள்: அமெரிக்காவில் ஒருவர், தஞ்சாவூரில் ஒருவர்

லைன்மேன் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது மின்வாரியத்து ஆள்தான். கரண்ட் போனால் தேடப்படுபவர், வந்துவிட்டால் மறக்கப்படுபவர். ஒரகடத்தில் இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் சொல்லலாம். 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்த ஊர் அது. அங்கே ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் பையனிடம் என்ன வேலை என்று கேட்டால், பாதிப் பேர் "லைன்ல" என்பார்கள். வண்டி மேல் கம்பெனி பெயர் இருக்கும். போல்ட் முடுக்கியவர் பெயர் எங்கும் இருக்காது.

அமெரிக்காவிலும் லைன்மேன் உண்டு, ஆனால் அவர் விளையாட்டு வீரர்! அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு அணிக்குப் பதினொரு பேர். அதில் ஐந்து பேர் முன்வரிசையில் சுவர் மாதிரி நிற்பார்கள். பின்னால் பந்தோடு நிற்கும் குவார்ட்டர்பேக் மேல் எதிரணி பாயாமல் தடுப்பதுதான் அவர்கள் வேலை. ஆளுக்கு 140 கிலோ எடை என்பது அங்கே சாதாரணம். முன்னால் வீசப்படும் பந்தைப் பிடிக்கக்கூட விதி அவர்களுக்குச் சாதாரணமாக அனுமதி தருவதில்லை. புள்ளி எடுப்பது வேறு ஆள், டிவியில் முகம் வருவதும் வேறு ஆள்தான். லைன்மேன் பெயரை மைக்கில் சொல்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அவர் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படி நின்றவர்களில் பெரிய பெயர் மைக் வெப்ஸ்டர். 1974 முதல் 1990 வரை பதினேழு சீசன் ஆடியவர். நான்கு முறை சூப்பர் பவுல் ஜெயித்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் முன்வரிசையின் நடுவில் ஆடியவர். அதன் பிறகு நடந்தது வேறு கதை. ஞாபகம் தப்பியது, பணம் கரைந்தது, சில நாட்கள் தன் வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கினார். 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமாலு, அவருடைய மூளையில் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டதால் வரும் சிதைவைக் கண்டுபிடித்து 2005இல் வெளியிட்டார். பெரிய அடி ஒன்று பட்டு வந்த நோய் அல்ல அது. பதினேழு வருஷம், ஆட்டத்துக்கு ஆட்டம், சின்னச் சின்னதாகச் சேர்ந்த அடிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, தமிழ்நாட்டில் லைன்மேனுக்கு ஈடு யார்? கபடியில் பிடிக்கிற ஆட்கள்தான்.

கபடியின் கணக்கைக் கவனியுங்கள். பாடிப் போகிறவர் ஒரே பாட்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் மூன்று புள்ளி. நான்கு பேர் சேர்ந்து உருண்டு புரண்டு அவரைப் பிடித்துப் போட்டால் பொதுவாக ஒரு புள்ளி. உள்ளே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால்தான் இரண்டு. புரோ கபடி லீக்கில் பாடிப் போகும் பர்தீப் நர்வால் 1,800 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். பிடிப்பவர்களில் 500 புள்ளியை முதலில் தொட்டவர் ஈரானின் ஃபசல் அத்ராசலி. அதற்கு 2024 வரை ஆனது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2018 ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடியைத் தொட்டவர் இதே ஃபசல்தான். ஆனால் அதே ஏலத்தில் பாடிப் போகும் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போய்விட்டார்!

இந்தக் கணக்குக்குள் நின்று பெயர் வாங்கியவர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், 1975இல் பிறந்தவர். நிற்பது கார்னரில். கார்னர் என்றால் வரிசையின் கடைசி ஆள். பாடி வருகிறவர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டும் அந்த ஒரு நொடியில் குனிந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் எதிராளிக்குப் புள்ளி, கொஞ்சம் பிந்தினால் ஆள் போய்விடுவார். பிடித்துவிட்டாலும் எதிராளியின் முழங்கால் நம் முகத்தில் இடிக்கலாம், பின்னால் ஓடிவரும் நம் ஆட்களே மேலே விழலாம்.

2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது சேரலாதனுக்கு வயது 39. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு ஆட்டக்காரர் சராசரியாக மூன்று வருஷம் சொச்சம்தான் தாக்குப்பிடிப்பார் என்று அங்குள்ள வீரர்கள் சங்கமே சொல்கிறது. இவரை நாடு டிவியில் பார்க்க ஆரம்பித்ததே 39 வயதில்தான். 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பை வாங்கினார். இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று ஜெயித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார். அந்த இறுதி ஆட்டத்தில் ஈரான் தோற்றது 38-29 என்று. அப்போது இவருக்கு 41 வயது. பாட்னாவில் இவர் கேப்டன், ஃபசல் கூட ஆடியவர். 2018இல் மும்பை அணியில் ஃபசல் கேப்டன், இவர் கூட ஆடியவர். 2021 டிசம்பரில் தொடங்கிய சீசனில் ஜெய்ப்பூருக்காகக் களம் இறங்கியபோது 46 வயது. கூட ஆடியவர்களில் சிலர் இவர் வயதில் பாதிகூட இல்லை. எல்லோரும் "அண்ணா" என்று கூப்பிட்டதில் ஆச்சரியம் என்ன?

இவ்வளவு நாள் எப்படி முடிந்தது? உடம்பு மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பாடிப் போகிறவருக்கு வேகம் வேண்டும், வேகம் வயதோடு போய்விடும். பிடிக்கிறவருக்கு எதிராளியின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் காலில் எடை இருக்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும். அந்தப் படிப்பு வயதோடு கூடும். தடுப்பது என்பது முரட்டு பலம் என்று நினைப்பவர்களுக்கு சேரலாதன் ஒரு பதில். கபடியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆண்கள் ஆட்டத்தில் 85 கிலோ எடை வரம்பு. உடம்பை 140 கிலோவுக்கு ஊதி, தலையைத் தலையோடு மோதச் சொல்லும் ஆட்டம் இல்லை இது.

ஆனால் இதை வைத்து ஒரேயடியாகப் பெருமைப்பட்டுவிட முடியாது. ஒரு சேரலாதனுக்குப் பின்னால், முட்டி போய், தோள் இறங்கி, இருபத்தைந்து வயதில் ஊர் டோர்னமெண்டோடு நின்றுபோன பிடி ஆட்கள் எத்தனையோ பேர். கபடியில் பிழைப்பு என்றால் ரொம்ப காலம் ரயில்வே, போலீஸ், வங்கி என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான். அது கிடைத்தவர் தப்பித்தார். கிடைக்காதவர் பழைய ஜெர்சியை மடித்து வைத்துவிட்டு ஏதோ ஒரு கம்பெனி லைனில் ஷிப்டுக்கு நிற்க வேண்டியதுதான். அங்கேயும் முதலீடு உடம்புதான். எட்டு மணி நேரம் நின்று, ஒரே கையை ஒரே மாதிரி ஆயிரம் தடவை திருப்பும் வேலை. வெப்ஸ்டருக்கு நடந்ததைப் போல இங்கேயும் தேய்மானம் சின்னச் சின்னதாகத்தான் சேரும். கணக்கு நாற்பது வயதுக்கு மேல் வரும். அப்போது ஒப்பந்தம் முடிந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

உடம்பைக் கொடுத்து உழைப்பவனுக்கு நல்ல சம்பளம் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஆட்டம் முடிந்த பிறகும் அந்த உடம்பு அவனோடுதான் இருக்கப் போகிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அது நியாயமான கூலி. லைன்மேனுக்கும் சரி, லைனில் நிற்பவனுக்கும் சரி.

அடுத்த முறை கபடி பார்க்கும்போது கேமரா பாடிப் போகிறவரைத்தான் காட்டும். நீங்கள் கொஞ்சம் ஓரத்தில் பாருங்கள். கார்னரில் ஒருவர் குனிந்து, கண்ணை எடுக்காமல் எதிராளியின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டத்தில் பாதி அவருடையது.