அந்தப் பக்கத்தில் எதை அழுத்துவது?

நான் களவேலை செய்த சுயதொழில் உதவித் திட்டமொன்றின் கைத்தொலைபேசிச் செயலியில் திருமண நிலை கேட்கும் பக்கம் இருந்தது. உங்களில் பலருக்குப் பழகிய கேள்விதான். திருமணமானவர், ஆகாதவர், விதவை. ஒன்றை அழுத்தாமல் அடுத்த பக்கம் வராது.

முல்லைத்தீவில் ஓர் அம்மா தொலைபேசியைத் திருப்பித் தந்தார். "அவர் செத்திட்டாரெண்டு நானே அமத்தவோ, பிள்ளை?"

கணவர் 2009இல் காணாமற்போனவர். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணவில்லை என்றே சான்றிதழ் பெற 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருந்தது. செயலியில் அதற்கு இடமில்லை.

வடிவமைத்தவர்கள் நிறத்தையும் எழுத்தளவையும் மாற்றுவோம் என்றார்கள். (எழுத்தும் சிறிதுதான், மறுக்கவில்லை.) உதவி கொடுக்க இந்தக் கேள்வி எதற்கு என்று கேட்டேன். ஒருவரிடமும் பதில் இல்லை. கேள்வியையே எடுத்தார்கள்.

அடுத்த மாதம் அந்த அம்மா, பேத்தியைக் கூப்பிடாமல், கோழி வளர்ப்புக்குத் தானே விண்ணப்பித்தார்.