மூலையில் ஒட்டிய காலண்டர் தாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கம்ப்யூட்டர் சமாச்சாரம். எழுதுகிறவன் பி.காம். படித்த வங்கி ஆசாமி. பொட்டி தட்டும் நண்பர்கள் பொறுத்தருள்க, ஹி ஹி.

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பா போன பிறகு மன்னார்குடி வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் எங்களோடு வந்துவிட்டாள். வயது 71. தமிழ் தவிர வேறு பாஷை கிடையாது. காலையில் நான் பிராஞ்சுக்குக் கிளம்பிவிடுவேன். தங்கமணி ஸ்கூல் டீச்சர். பையன் பத்தாம் வகுப்பு, ஸ்கூல் விட்டால் டியூஷன். பகல் முழுக்க அம்மாவுக்குத் துணை சீரியல்தான்.

டிஷ்ஷில் தமிழ் பேக் போட்டிருக்கிறோம். ஆனால் மாற்றல், பயணம் என்று நடுவில் விட்டுப்போன பழைய எபிசோடுகள் வேண்டும் என்றாள் அம்மா. அதற்குத் தனியாக ஓடிடி சந்தா கட்ட வேண்டும். நான் என்ன செய்தேன்? இலவசமாகக் காட்டுகிற ஒரு தளத்தைத் தேடிப் பிடித்து, பையன் உபயோகிக்கும் பழைய லேப்டாப்பில் புக்மார்க் போட்டுக் கொடுத்தேன். (லட்சக்கணக்கில் லோன் போடுகிறவன் சந்தாவுக்குக் கணக்குப் பார்த்தானா என்று கேட்காதீர்கள். வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.) "இதை அமுக்கு, அப்புறம் இந்த முக்கோணத்தை அமுக்கு, சீரியல் ஓடும்" என்று சொல்லிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. மாதத்தின் மூன்றாவது சனி, ஆகவே வங்கி உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஏதோ பார்க்க லேப்டாப்பைத் திறந்தால், திரையின் வலது கீழ் மூலையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்டு, நாலு பக்கமும் செலோ டேப்.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லடா. கண்ணு கூசுது. அதான் ஒட்டினேன்."

மூலையில் மட்டும் எப்படிக் கண் கூசும்? தாளைப் பிய்த்தேன். பிய்த்த அடுத்த நிமிஷம் அந்த மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. அரைகுறை உடுப்பில் ஒரு பெண் படம். "உங்கள் பக்கத்துத் தெருவில் காத்திருக்கிறேன்" என்கிற தினுசில் இங்கிலீஷில் வாசகம். அது போவதற்குள் இன்னொன்று, சிவப்பில்: கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ் இருக்கிறதாம், உடனே அழைக்கவும் என்று ஒரு போன் நம்பர். கூகுளில் எதைத் தேடினாலும் அது வேறொரு தேடுபொறிக்குத் தாவி, விளம்பரமாக வந்து கொட்டுகிறது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வீட்டில் இந்த லேப்டாப்பைத் தொடுகிற வயசுப் பையன் ஒருத்தன்தான். டியூஷன் முடிந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. "நான் இல்லப்பா" என்றான். இன்னும் கத்தினேன். அவன் கண்ணில் தண்ணீர். தங்கமணி நடுவில் வந்து நிறுத்தினாள்.

அப்போது அம்மா சொன்னாள்: "அவனைத் திட்டாதடா. இதுக்குத்தான் நான் தாளை ஒட்டினேன்."

அவளும் பேரனைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள்! வயசுப் பையன், ஏதோ பார்த்துவிட்டான், என் கண்ணில் பட்டால் கை நீட்டிவிடுவேன் என்று மறைத்திருக்கிறாள். தினம் மத்தியானம் அந்தப் படங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு, மூலையை மூடிவிட்டு, மீதித் திரையில் சீரியல் பார்த்திருக்கிறாள். பையன் அதைப் பார்த்து "என்ன பாட்டி" என்று கேட்டபோதும் கண் கூசுகிறது என்றே சொன்னாளாம். தாளில் இருந்த தேதி 9. அன்றைக்குத் தேதி 20. மொத்தம் பதினோரு நாள்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பென்சிலில் பத்து இலக்கம். அந்தச் சிவப்புப் பெட்டியில் வந்த நம்பர்.

"போன் பண்ணியாம்மா?"

"பண்ணலாம்னுதான் எழுதி வச்சேன். நீ காசு போட்டு வாங்கின பொட்டி, என்னால கெட்டுப் போச்சுன்னா? என் பென்ஷன் பணத்துல சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். ஆனா அவன் ஹிந்தில பேசுவானே, எனக்கு என்ன தெரியும்? அதான் விட்டுட்டேன்."

ஹிந்தி தெரியாததால் நஷ்டப்பட்ட கதை நம்மில் எல்லோரிடமும் இருக்கும். தெரியாததால் பிழைத்த கதை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அம்மாவின் குடும்ப பென்ஷன் கணக்குக்கு ஓடிபி வருவது அவளுடைய போனில்தான். அந்த நம்பரை அழைத்திருந்தால், உதவி செய்கிறேன் என்று ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, லேப்டாப்பையோ போனையோ தூரத்திலிருந்து தன் கைக்குக் கொண்டுபோயிருப்பான். அப்புறம் என்ன ஆகும் என்பதை பிராஞ்சில் நான் எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது.

சரி, மேட்டருக்கு வருவோம். அன்று ராத்திரி உட்கார்ந்து சுத்தம் செய்த கதை.

முதலில் வைரஸ் ஸ்கேன் ஓட்டினேன். இரண்டு மணி நேரம் ஓடி, ஒன்றும் இல்லை என்றது. ஆனால் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அப்புறம்தான் புரிந்தது. எனக்குப் புரிந்தபடி வங்கி பாஷையில் சொல்கிறேன். இது திருட்டு இல்லை, ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டால், கடைப் பக்கம் போகாவிட்டாலும் மாதாமாதம் பணம் போகும் இல்லையா? அதேதான். அந்தத் தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் பட்டனை அமுக்கவும்" என்று கேட்கும். உண்மையில் அந்த அலவ் அறிவிப்பு அனுப்புவதற்கான அனுமதி. ஒரு முறை கொடுத்தால், தளத்தை மூடிவிட்டாலும் பிரவுசர் வழியாக அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். நாமே அனுமதி கொடுத்ததால் வைரஸ் ஸ்கேனில் பெரும்பாலும் சிக்காது. வங்கியில் போய் மேண்டேட்டை ரத்து செய்வதுபோல், பிரவுசரில் போய் ரத்து செய்ய வேண்டும்.

குரோமில் மேலே வலது பக்கம் மூன்று புள்ளி. அதில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அங்கே அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். எங்கள் லேப்டாப்பில் பதினாலு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கி பிளாக் கொடுத்தேன். அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்று மொத்தமாகவும் நிறுத்தி வைக்கலாம். அம்மா அப்பா உபயோகிக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்துவிடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

தேடல் தாவியதற்குக் காரணம் வேறு. எக்ஸ்டென்ஷன் என்று ஒன்று உண்டு, பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற குட்டிச் செயலி. அந்தப் பட்டியலில் "வீடியோ பிளேயர்" என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை நீக்கிவிட்டு, செட்டிங்ஸில் சர்ச் என்ஜினை மறுபடி கூகுளாக மாற்றி, ஆன் ஸ்டார்ட்அப் பகுதியில் நுழைந்திருந்த வேற்று முகவரியை எடுத்தேன். கடைசியாக ரீசெட் செட்டிங்ஸ். இதைச் செய்தால் புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது, பயப்பட வேண்டாம். குரோமுக்குள்ளேயே 'கிளீன் அப் கம்ப்யூட்டர்' இருக்கிறது என்று பழைய குறிப்புகளில் படித்துவிட்டுத் தேடாதீர்கள். அதை 2023-ல் எடுத்துவிட்டார்கள். நான் அரை மணி நேரம் தேடினேன்.

ஆண்ட்ராய்டு போனில் இதே தொல்லை என்றால், வந்த அறிவிப்பை விரலால் அழுத்திப் பிடியுங்கள். எது அனுப்பியது என்று காட்டும், அங்கேயே நிறுத்தலாம். பிரவுசரே திறக்காமல் முகப்பில் விளம்பரம் வந்து விழுந்தால், சமீபத்தில் இறக்கிய ஏதோ ஒரு ஆப்தான் குற்றவாளி. அதைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும்.

இப்போது எனக்கு வலித்த இடத்துக்கு வருகிறேன்.

அந்தப் பதினாலு தளங்களில் முதலாவது, நான் புக்மார்க் போட்டுக் கொடுத்த இலவச சீரியல் தளம். ஹிஸ்டரியைப் பார்த்தேன். மற்ற கண்றாவிப் பக்கங்கள் எல்லாம் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றுக்குள், சீரியலுக்கு முன்னாலும் பின்னாலும் தானாகத் திறந்தவை. அந்த நேரத்தில் பையன் ஸ்கூலில். அந்த "வீடியோ பிளேயர்"? முதல் நாள், படம் ஓட இதைச் சேர்க்கவும் என்று அந்தத் தளம் கேட்டபோது சேர்த்தது சாட்சாத் நானேதான். பையன் ஒன்றும் செய்யவில்லை. அம்மா, நான் சொல்லிக் கொடுத்தபடி வந்ததை எல்லாம் அமுக்கினாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பிராஞ்சுக்கு வந்திருந்தார். ஏதோ ஒரு ஆப்பை இறக்கிப் பணத்தை விட்டுவிட்டார். நடந்து ஒன்பது நாள் கழித்து வந்திருக்கிறார். ஏன் அன்றைக்கே வரவில்லை என்று கேட்டேன். "பையனுக்குத் தெரிந்தால் திட்டுவான்" என்றார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை எங்களுக்கு மனப்பாடம். வங்கி மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் அவருக்கு நஷ்டம் இல்லை. அவரே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவர் தலையில், தெரிவித்த பிறகு போனால் வங்கி தலையில். நாள்தான் இதில் முக்கியம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? "படிச்ச மனுஷன், இப்படியா ஏமாறுவாரு? இதுல ஒன்பது நாள் மூடி வேற வச்சிருக்காரு" என்று சிரித்தேன். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

தாளை அவள் ஒட்டியது அதற்கு அடுத்த ஓரிரு நாளில்தான். இப்படிச் சிரிக்கிற பிள்ளையிடம் எந்த அம்மா போய்ச் சொல்லுவாள்? கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவருடைய பையனைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. அந்தப் பையன் நான்தான்.

மறுநாள் காலையில் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா" என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டான். ஆனால் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது நியாயம்தான். சந்தாவைக் கட்டினேன். அம்மா இப்போது மூலை மூடாமல் சீரியல் பார்க்கிறாள். திரையில் செலோ டேப் பசையின் தடம் மட்டும் நாலு கோடாக இருக்கிறது. துடைத்தால் போய்விடும் என்கிறாள் தங்கமணி. இருக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

ஊரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, இந்த வாரம் போன் பண்ணும்போது "என்னத்தை அமுக்கின?" என்று ஆரம்பிக்காதீர்கள். "போன்ல என்ன வருது, சொல்லும்மா" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சிரிக்காதீர்கள்.

பி.கு: பணம் போய்விட்டால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், கூடவே 1930-ஐ அழையுங்கள், சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. வங்கிகள் எல்லாம் தங்கள் இணைய முகவரியை 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி ஒரு பெட்டி எழும்பினால், அதை அமுக்காமல் முதலில் முகவரியின் வாலைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பிராஞ்சுக்கு நேரில் வாருங்கள். திட்ட மாட்டோம்.