ஈயம் தீரும்வரை

2025 ஆகஸ்ட்டில் நம்ம மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு, பெங்களூருவின் தென்கோடியில் இருக்கும் ஹெப்பகோடிக்குப் போவது எளிதாகிவிட்டது. அங்கே பயோகான் மருந்து நிறுவனத்தின் பெயர்ப்பலகை யார் கண்ணிலும் படும். சற்றுத் தள்ளிப் பொம்மசந்திராவில் டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயணா மருத்துவமனையும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சந்துப் பட்டறைகளை யாரும் கவனிப்பதில்லை. மயக்க மருத்துவர் நண்பர் ஒருவர் சொல்லி நான் போய்ச் சேர்ந்தது அப்படியொரு மாடி அறைக்கு.

மூத்த டெக்னீஷியன் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அவர் மேசையில் ஒரு மயக்க மருந்து இயந்திரம் பிரித்துக் கிடந்தது. நோயாளி விடும் மூச்சை இது வீணாக்குவதில்லை. அதிலுள்ள கரியமில வாயுவை சோடா லைம் உறிஞ்சிக்கொள்ள, செலவான ஆக்சிஜன் சேர்க்கப்பட்டு, அதே காற்று மறுபடி நுரையீரலுக்குப் போகிறது. கடலில் முக்குளிப்பவர்கள் முதுகில் சுமக்கும் ரீபிரீதரும் இதே ஏற்பாடுதான். 1880-ல் பிரிட்டனில், வெள்ளம் புகுந்த செவர்ன் சுரங்கப்பாதைக்குள் அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர், ஹென்றி ஃப்ளூஸ் செய்த அப்படியொரு கருவியை மாட்டிக்கொண்டு இறங்கி இரும்புக் கதவை மூடிவிட்டு வந்தார். உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. இன்று அதைச் சொல்வது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சென்சார்.

சென்சார் என்றாலும் உண்மையில் அது ஒரு குட்டி பேட்டரி செல். ஒரு முனையில் ஈயம், மறுமுனையில் பெரும்பாலும் தங்கப் பூச்சு, நடுவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், முகப்பில் மெல்லிய டெஃப்லான் சவ்வு. சவ்வு வழியாக ஆக்சிஜன் நுழைய நுழைய ஈயம் ஆக்சைடாக மாறிக் கரைகிறது; அந்த வினையில் பிறக்கும் சில மில்லிவோல்ட்தான் திரையில் எண்ணாகத் தெரிகிறது.

"கவரைப் பிரிச்ச நிமிஷத்துல இருந்து ஆயுசு ஓடுது சார். மெஷினை ஆஃப் பண்ணினா இது ஆஃப் ஆகாது" என்றார்.

ஆயுளை, ஆக்சிஜன் சதவீதத்தை மணி நேரத்தால் பெருக்கி, 'சதவீத மணி' என்று கணக்கிடுகிறார்கள். பத்து லட்சம் சதவீத மணி தாங்கும் செல், 21 சதவீத ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்றில் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு வரும். நூறு சதவீத ஆக்சிஜனில் 10,000 மணி நேரம், அதாவது பதினான்கு மாதம்கூட வராது. இது ஏட்டுக் கணக்கு. வெப்பம் வினையை வேகப்படுத்தும்; கரைசலும் வற்றும். அதனால்தான் அறுவை சிகிச்சை முடிந்ததும் செல்லைக் கழற்றி அறைக் காற்றில் வைக்கும்படி போகிற இடமெல்லாம் நர்சுகளிடம் சொல்லிவைக்கிறார்.

அடுத்த எதிரி ஈரம். சோடா லைம் வேலை செய்யும்போதே சூடும் நீரும் உண்டாகின்றன. மூச்சின் ஈரம் வேறு. சவ்வில் ஒரு துளி படிந்தால் ஆக்சிஜன் உள்ளே போக முடியாது, எண் இறங்கிவிடும். ஆகவே சவ்வு கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துகிறார், நீர் தேங்கும் குடுவையை அடிக்கடி காலி செய்யச் சொல்கிறார். முக்குளிப்பவர்களுக்கு இதே ஈரம் உயிர்ப் பிரச்சினை. ரீபிரீதரில் மூன்று செல் வைத்து, இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதை ஒதுக்குவது வழக்கம். ஒரே நாளில் வாங்கி ஒரே ஈரத்தில் நனைந்த இரண்டு செல்கள் சேர்ந்து பொய் சொன்னால், உண்மை சொல்லும் மூன்றாவது தோற்றுப்போகும். வெவ்வேறு தேதியில் தயாரான செல்களை அனுபவசாலிகள் கலந்து போடுவது இதனால்தான்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். செல் அளப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை என்பதால், சென்னையில் 11 மில்லிவோல்ட் காட்டுவது இங்கே 10-தான் காட்டும். இது தெரியாதவர் நல்ல செல்லைக் கிழடு என்று வீசிவிடுவார். அதைவிட மோசமான ஏமாற்று மறுபக்கம் இருக்கிறது. தேய்ந்த செல் அறைக் காற்றில் ஒழுங்காக 10 காட்டும். சுத்த ஆக்சிஜனில் 48 அளவுக்கு எகிற வேண்டியது 40-லேயே நின்றுவிடும். குறைவாகக் காட்டுகிறதே என்று ஆக்சிஜனைக் கூட்டினால், குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை கெடலாம். ஆழத்தில் இருப்பவருக்கு வலிப்பு வரலாம். "ஆயுசை நீட்டறது வேற சார், செத்ததை ஓட்டறது வேற."

அவர் குரல் உயர்ந்தது இடைத்தரகர்களைப் பற்றிப் பேசும்போதுதான். தயாரான தேதியிலிருந்து பல மாதம் கிடங்கில் கவருக்குள்ளேயே மெல்லத் தேய்ந்து கிடந்த செல் முழு விலைக்கு வருகிறது. சிறிய நர்சிங் ஹோம்கள் விலையை மட்டும் பார்த்து வாங்குகின்றன. பாதி ஆயுளை முழு விலைக்கு விற்பது திருட்டு என்றே நானும் சொல்வேன். தயாரிப்புத் தேதியைக் கேட்கும் ஒரு வரி கொள்முதல் ஆணையில் இருந்தால், இவர் துடைத்துக் காயவைத்துச் சேமிக்கும் மாதங்களைவிட அதிகம் மிஞ்சும்.

ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படுவதை வைத்து வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1940-களில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக ஓர் அளவுமானி செய்தார். அதே தத்துவத்தில் இயங்கும், ஈயமே இல்லாத மானிட்டர்கள் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டன. விலை அதிகம் என்பதால் ஆனேக்கல், ஓசூர் பக்கத்துச் சிறிய அறுவை அரங்குகளில் இன்னும் ஈயச் செல்தான். அங்கிருந்து வந்த ஒன்றைச் சுத்த ஆக்சிஜனில் வைத்துப் பார்த்தார்: 39. "அண்ணா, இன்னும் ஒரு மாசம் வருமா?" என்று உதவியாளர் கேட்க, பதிவேட்டில் எண்ணை எழுதி, செல்லின் மேல் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டு, ஈயக் கழிவு டப்பாவைக் காட்டினார்.